பரிசத்துக்கு வாங்கிய சோபா

கிள்ளானில் ஒரு மரச்சாமான் கடை. விற்பனைக்கு நின்ற சீனப் பெண் மலாயும் ஆங்கிலமும் கலந்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். ஆன்டிக்கு எந்த ஸ்டைல் பிடிக்கும் என்பது கேள்வி. அறுபதைக் கடந்த என்னிடம் அதற்கு முன் அந்தக் கேள்வியை எவரும் கேட்டதில்லை. வருகிறவர்கள் மரியாதையோடு உட்காரும்படி இருக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். அது ஸ்டைல் இல்லையே என்பதுபோல் அவள் சிரித்தாள். பக்கத்தில் நின்ற என் மகள் ஒரு மேசைவிளக்கின் விலைச்சீட்டை மிகுந்த அக்கறையோடு படிக்கத் தொடங்கினாள்.

எனக்கு அந்தக் கேள்வி வராமல் போனதற்குக் காரணம் உண்டு. என் கணவர் அரசாங்கப் பொறியாளர். நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் விரிவுரையாளர். பணிக்காலம் முழுவதும் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் வாழ்ந்தோம். வீடு அரசாங்கத்தினுடையது, வீட்டுக்குள் இருந்த கட்டிலும் மேசையும் நாற்காலியும் அரசாங்கத்தினுடையவை. எந்த நாற்காலியைக் கவிழ்த்தாலும் அடியில் வெள்ளைச் சாயத்தில் ஓர் எண் இருக்கும். மாற்றல் வந்தால் பாத்திரம், துணி, புத்தகம் ஆகியவற்றை லோரியில் ஏற்றிக்கொண்டு அடுத்த ஊரில் வேறு எண்ணுள்ள நாற்காலியில் போய் உட்காருவோம். ஓய்வு பெற்ற பிறகுதான் கிள்ளானில் இந்தத் தொடர்வீட்டை வாங்கினோம். வீட்டைத் திருத்தி முடிப்பதற்குள் அவர் காலமானார். கூடத்தில் என் தம்பி கொடுத்த செட்டி என்கிற பழைய நீள இருக்கை ஒன்றும் சில பிளாஸ்டிக் நாற்காலிகளும் கிடந்தன. அவை போதுமானவையாகவே இருந்தன, மகளுக்குப் பரிசம் போட வருகிறார்கள் என்று உறுதியாகும் வரையில்.

பையனை மகளே தேர்ந்தெடுத்திருந்தாள். சுபாங் ஜெயாவில் அவளோடு ஒரே கட்டடத்தில் வேலை செய்பவர். குறை சொல்ல ஒன்றுமில்லை. அவருடைய பெற்றோர் சாதுவானவர்கள். அந்தக் குடும்பத்தின் சொல் அவர்களிடம் இல்லை, பையனின் அத்தையிடம் இருந்தது. கேரி தீவு எஸ்டேட்டில் பிறந்து, பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து, கல்யாணங்களுக்குச் சமைத்துக் கொடுக்கும் தொழிலைத் தொடங்கி, தம்பிமார்களையும் அவர்கள் பிள்ளைகளையும் ஆளாக்கியவர். முதன்முதலாகக் கோயிலில் வைத்து இரு வீட்டாரும் சந்தித்தபோது என்னை 'டீச்சர்' என்றார். நான் பள்ளிக்கூட ஆசிரியை அல்ல என்று திருத்தவில்லை. திருத்துவது நம்மை நாமே விளம்பரம் செய்வதாகும்.

பரிசத்தை ஒரு மண்டபத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று என் தம்பி அங்கே முன்மொழிந்தான். அந்த அம்மையார் கையை அசைத்து மறுத்தார்.

"மண்டபம்லாம் கல்யாணத்துக்கு இருக்கட்டும் தம்பி. பரிசம் பொண்ணு வீட்டுலதான். வீட்டப் பாத்தாத்தானே ஆளு தெரியும்." பிறகு என் பக்கம் திரும்பி, "டீச்சர் வீடு, நாங்கதான் பாத்து நடந்துக்கணும்" என்று சிரித்தார்.

அது மதிப்பா, குத்தலா என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் வீட்டைப் பார்த்தால் ஆள் தெரியும் என்ற வாக்கியம் என்னோடு கிள்ளான் வரை வந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தந்தையில்லாத பெண்ணுக்குத் தாய்மாமனும் அவன் மனைவியும் சபையில் உட்கார்ந்து தட்டு மாற்றுவார்கள். நான் சமையலறை வாசலை ஒட்டிப் பின்னால் நிற்பேன். இதை எனக்கு யாரும் விதிக்கவில்லை, நானே தீர்மானித்தேன். கணவனை இழந்தவள் ஒதுங்க வேண்டும் என்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் ஒதுங்கச் சொல்லி ஒருவர் வாய் திறப்பதற்கு முன் தானே ஒதுங்கிக்கொள்வதில் ஒரு கௌரவம் இருக்கிறது. ஆக, மகளின் பரிசத்தன்று சபையில் என் முகம் இராது. எனக்குப் பதிலாகக் கூடம்தான் முன்னால் நிற்க வேண்டும். அன்று கூடத்தைப் பார்த்து அவர்கள் என்ன முடிவுக்கு வருகிறார்களோ, அந்த மதிப்போடுதான் என் மகள் அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைப்பாள். நான் மரச்சாமான் கடைகளுக்குள் நுழைந்தது இந்தக் கணக்கோடுதான்.

ஷா ஆலமில் கிடங்கு போன்ற கடைகளைப் பார்த்தோம். சுபாங் ஜெயாவில் மகளுக்குப் பிடித்த ஒரு கடைக்கும் போனோம். அங்கே எல்லாம் வெளிறிய மரம், மெல்லிய கால்கள்.

"இது உக்கார்றதுக்கா, பறந்து போறதுக்கா?" என்றேன்.

"அம்மா, எனக்குப் பிடிச்சத விடுங்க. உங்களுக்குப் பிடிச்சதுன்னு ஒன்னே ஒன்னு காட்டுங்க. வர்றவங்களுக்குப் பிடிக்கும்னு சொல்றது வேணாம். உங்களுக்கு."

"எனக்குப் பிடிச்சு என்ன ஆகணும்? நானா அதுல உக்காரப்போறேன்?"

அவள் காருக்கு நடந்தாள். அவளுக்கு அது வருத்தமாகப் பட்டிருக்கலாம். நான் உண்மையைத்தான் சொன்னேன்.

கடைசியில் கிள்ளான் கடையில்தான் அது கிடைத்தது. கறுத்த மரத்தில் செதுக்குவேலை, சிங்கப் பாதம் போன்ற கால்கள், கருஞ்சிவப்பு வெல்வெட் மெத்தை. மூவர் அமரும் நீள இருக்கை ஒன்று, ஒற்றை இருக்கைகள் இரண்டு, பளிங்குப் பலகை பதித்த சிறிய மேசை, அதே செதுக்குவேலையில் சட்டமிட்ட ஒரு பெரிய கண்ணாடி. பார்த்ததும் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு எனக்கு நினைவுக்கு வந்தது. ஒரு கையெழுத்துக்காகக் கல்லூரி முதல்வரின் வீட்டுக்குப் போயிருந்தேன். இதே போன்ற இருக்கையில் அவர் சாய்ந்திருந்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை. கையெழுத்து வாங்கும்வரை நின்றுகொண்டே இருந்தேன். இத்தகைய இருக்கையை உடையவரை எவரும் நிற்கவைக்க முடியாது என்று அன்று எண்ணினேன். அந்த எண்ணம் எனக்குள் அத்தனை ஆண்டுகள் இருந்திருக்கிறது என்பது கடையில்தான் தெரிந்தது.

மகள் நீள இருக்கையின் விளிம்பில் உட்கார்ந்து பார்த்தாள். "இன்டர்வியூக்கு வந்த மாதிரி இருக்கும்மா" என்றாள். "உங்க ரூம்ல உக்காந்தா எனக்குத் தூக்கம் வரும். இதுல உக்காந்தா வேல போயிடுமோன்னு பயம் வருது."

அவள் குறிப்பிட்ட என் அறை வீட்டின் பின்பக்கம் இருக்கிறது. சமையலறையைப் பின்சந்து வரை நீட்டிக் கட்டியபோது கிடைத்த நீண்ட அறை. அங்கே ஒரு பிரம்புச் சாய்வு நாற்காலி உண்டு. பின்னல் விட்டுப்போய் இருமுறை மாற்றுப் பிரம்பு கட்டியது, புதுப் பிரம்பின் நிறம் பழையதோடு இன்னும் சேரவில்லை. கல்லூரியில் கழித்துக்கட்டியபோது நான் கேட்டு வாங்கிவந்த நீள மேசை உண்டு. சுவரோடு முழங்கால் உயரப் புத்தகத் தட்டுகள், சுருட்டி வைத்த ஒரு கோரைப்பாய். அவ்வளவே. ஒன்றுக்கொன்று பொருந்தாதவை. விருந்தினர் வந்தால் அந்த அறையின் கதவு சாத்தியிருக்கும். கூடத்தில் கண்ணாடிக்கு ஆணி வேண்டியிருந்ததால் என் கணவரின் படத்தையும் அந்த அறைக்கு மாற்றினேன்.

பரிசத்துக்காக வீட்டுக்கு வெள்ளையடித்தோம். வாசல் கிரில் துருப்பிடித்திருந்தது. அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியது செய்யச் சொன்னேன். நான் பெரும்பாலும் தனியாக இருக்கும் வீடு என்பதால் ஒரு பாதி நிலையாக மூடியும் மறுபாதி மட்டும் திறக்கும்படியும் இருக்கட்டும் என்றேன். பழைய கிரில் போய்ப் புதியது வருவதற்கு இடைப்பட்ட நாளில், வாசல் முழுதாகத் திறந்து கிடந்தபோது, சோபா வந்திறங்கியது. கடை ஆட்கள் சிரமமின்றி உள்ளே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். கிரில் மறுநாள் பொருத்தப்பட்டது. இரண்டையும் சேர்த்து யோசிக்க வேண்டும் என்பது என்னையும் சேர்த்து ஒருவருக்கும் தோன்றவில்லை.

தம்பிக்கு மட்டும் வேறொரு கவலை இருந்தது.

"அக்கா, அவங்க வழக்கம் என்னன்னு ஒரு போன் போட்டுக் கேட்டுடுங்களேன். வீட்டுக்கு வீடு முறை மாறும்."

"கேட்டா நமக்கு முறை தெரியாதுன்னு ஆயிடும்."

"தெரியாதுதானே லா."

"தெரியாதத அடுத்தவங்களுக்குத் தெரியாம வெச்சுக்கணும்" என்றேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான். இந்தக் காலத்தில் பெரியவர்களுக்கு முழங்கால் மடங்குவதில்லை. அவர்கள் சோபாவில் அமர்வார்கள், தட்டுகள் பளிங்கு மேசையில் இருக்கும், இளையவர்கள் நாற்காலிகளில் சுற்றி இருப்பார்கள் என்று நானே ஒரு முறையை வகுத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்கு முன் கூடாரம் போட்டிருந்தோம். பிரிக்பீல்ட்ஸிலிருந்து கார்கள் வந்து வரிசையாக நின்றன. பெண்கள் தட்டுகளைக் கையில் ஏந்தி இறங்கினார்கள். பூ, பழம், புடவை, இனிப்பு, தேங்காய். தம்பி மனைவி ஆரத்தி எடுத்தாள். ஐயர் குறித்துக் கொடுத்திருந்த நல்ல நேரம் தொடங்கிவிட்டிருந்தது. அது நீண்ட நேரம் அல்ல. நான் வகுத்தபடியே சமையலறை வாசலை ஒட்டி நின்றேன்.

அத்தை முதலில் படியேறினார். பச்சைப் பட்டு, நிமிர்ந்த நடை. கிரிலைத் தாண்டி ஓர் அடி வைத்து நின்றார். அவருக்குப் பின்னால் எல்லாரும் நின்றார்கள். அவர் கண் கண்ணாடியில் தொடங்கி, நீள இருக்கையின் செதுக்குவேலை வழியாகச் சிங்கப் பாதங்கள் வரை இறங்கியது.

"அழகா இருக்கு டீச்சர்" என்றார். "எங்க உக்காருறது?"

"சோபாவுல உக்காருங்கக்கா" என்றான் தம்பி.

"தட்டு?"

"மேச மேல."

"பரிசத் தட்ட நாங்க மேச மேல வெக்கிறதில்ல தம்பி. பாய்லதான் வெப்போம். தட்டு கீழ இருக்கறப்ப அதுக்கு மேல யாரும் உக்காரக் கூடாது, சின்னவங்க பெரியவங்க யாரா இருந்தாலும். இதெல்லாம் வெளிய எடுத்து வெச்சிருப்பீங்கன்னுல்ல நெனச்சேன்."

அவர் குரலில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். பெண்கள் தட்டுகளோடு கார் போர்ச்சில் நின்றார்கள். பரிசத் தட்டைக் கையிலெடுத்தால் பாயில்தான் இறக்க வேண்டும், இடையில் எங்கேயும் வைக்கக் கூடாது என்பதும் அவர்கள் வழக்கம் என்று அப்போதுதான் தெரிந்தது. கனமான தேங்காய்த் தட்டை ஏந்தியிருந்த ஒரு பெண் இடுப்பில் தாங்கிக்கொண்டாள்.

நான் முன்னால் வந்தேன். வருவதாக இருக்கவில்லை.

"எடுத்துடலாம்" என்றேன்.

தம்பியும் பக்கத்து வீட்டுக்காரர்களும் ஒற்றை இருக்கைகளை வெளியே கொண்டுபோனார்கள். மேசை போயிற்று. நீள இருக்கையைத் தூக்கினார்கள். நேராகப் போகவில்லை. சாய்த்தார்கள். அதன் ஒரு கைப்பிடி வெளியே போய், முதுகின் செதுக்குவேலை கிரிலின் நிலைப்பாதியில் மாட்டிக்கொண்டது. தள்ளினார்கள். மரம் இரும்பில் உராய்ந்து கிறீச்சிட்டது. பிறகு அது முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. வாசலை முழுவதுமாக அடைத்துக்கொண்டு, சிங்கப் பாதங்களைச் சாலைக்குக் காட்டியபடி குறுக்கே நின்றது. தூக்குகிறவர்களுக்கு வழிவிட்டு வெளியே போயிருந்த அத்தை அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

"மொதல்ல சோபாவுக்குத்தான் பரிசம் போடணும் போல" என்று கூடாரத்துக்குள் ஓர் ஆண்குரல் கேட்டது. பையனின் சித்தப்பா. சிலர் சிரித்தார்கள்.

"கிரில கழட்டிடலாம் லா, பாஸ். ஸ்பானர் இருக்கா?" என்று இன்னொருவர்.

"வெல்ட் பண்ணது அண்ணே, கழட்ட முடியாது" என்றான் தம்பி. அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

பையன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்தார். "நான் ஒரு பக்கம் பிடிக்கறேன், மாமா."

"வேணாம்" என்றேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "மாப்பிள்ளை கை வைக்கக் கூடாது."

பெண் வீட்டுச் சாமானைப் பரிசம் போடுவதற்கு முன் மாப்பிள்ளை சுமந்தார் என்ற பேச்சு, அந்தக் குடும்பத்தின் விசேஷங்களில் எல்லாம் இலையோடு பரிமாறப்படும். நான் அதை அனுமதிக்கப் போவதில்லை. அவர் தன் அத்தையைப் பார்த்தார். அத்தை தலையசைக்கவும் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

வானம் தெற்கே கறுத்திருந்தது. ஐயர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, யாருக்கும் கேட்காத குரலில் தம்பியிடம் ஏதோ சொன்னார். அத்தைக்குக் கேட்டுவிட்டது.

"நேரம் போனாப் போகட்டும்" என்றார் அவர், சோபாவின் முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு. "வாசல அடைச்சுக்கிட்டு நல்ல காரியம் பண்ணக் கூடாது. சாப்பாடு சாப்பிட்டுட்டுப் போறோம். வேற நாள் பாத்துக்குவோம்."

நிதானமாகச் சொன்ன சொல். ஆனால் தட்டோடு வந்தவர்கள் தட்டோடு திரும்பினால் கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரை ஒருவரும் சோபாவைக் காரணமாகச் சொல்ல மாட்டார்கள். பெண்ணைத்தான் காரணமாகச் சொல்வார்கள்.

என் தோளுக்குப் பின்னால் பூவாசனை வந்தது. அழைக்கும் வரை அறையைவிட்டு வரக் கூடாதவள் பாதி அலங்காரத்தில் நின்றாள்.

"அம்மா, உங்க ரூம்."

"அது என்னோட ரூம்."

"அதத்தான் சொல்றேன்."

"உள்ள போ."

அவள் போகவில்லை. அவள் கண்ணுக்கிட்ட மை கலங்கத் தொடங்கியிருந்தது. அவள் அழுகிற பெண் அல்லள்.

எனக்கு இரண்டு அச்சங்கள் இருந்தன. கட்டிய பிரம்பும் கழித்துக்கட்டிய மேசையும் சபையேறுவது ஒன்று. அதை நான் தாங்கியிருப்பேன். மற்றது, அது கணவனை இழந்த பெண் தனியே புழங்கும் அறை. மங்கலத் தட்டு அங்கே இறங்குவதா என்று ஒருவர் முகம் சுளித்தாலும் போதும். நான் ஆண்டுக்கணக்கில் ஒருவர் வாயும் திறக்கவிடாமல் காத்துவந்த சொல் அன்று என் மகளின் பரிசத்திலேயே விழுந்துவிடும். சொல்லாமல் அந்த அறையைத் திறந்துவிடலாம். பின்னால் தெரிந்தால் மறைத்தேன் என்றாகும். என்னைப் பற்றி எதையும் சொல்லட்டும், மறைத்தேன் என்று சொல்ல நான் இடம் கொடுத்ததில்லை.

"உள்ள இழுங்க" என்று தம்பியிடம் சொன்னேன். "வெளிய போகாது. உள்ள இழுத்து நிறுத்துங்க."

வந்த வழியே அசைத்து அசைத்து இழுத்தார்கள். செதுக்குவேலையில் ஒரு துண்டு உடைந்து வாசற்படியில் விழுந்தது. கூடத்தில் அதைச் செங்குத்தாக நிறுத்தினார்கள். அது கண்ணாடியை மறைத்துக்கொண்டு, பாதிக் கூடத்தை எடுத்துக்கொண்டு, அழைக்காமல் வந்த ஆளைப்போல நின்றது. வாசல் திறந்தது.

நான் அத்தையின் எதிரே போய் நின்றேன்.

"பின்னால ஒரு அறை இருக்கு. பெருசு. பாய் போட்டா எல்லாரும் உக்காரலாம். ஆனா அது நான் தனியா புழங்குற ரூம். அவர் போனதிலிருந்து. உங்களுக்கோ உங்க ஆளுங்களுக்கோ அதுல ஆட்சேபணை இருந்தா இப்பவே சொல்லிடுங்க. பின்னால பேசக் கூடாது."

தம்பி தரையைப் பார்த்தான். அத்தை என்னை உற்றுப் பார்த்தார். முதன்முறையாக அவர் முகத்தில் சிரிப்பில்லை.

"டீச்சர்," என்றார், "நான் புருஷன் இல்லாம தனி ஆளாத்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். எத்தனையோ கல்யாணத்துக்குச் சோறு ஆக்கிப் போட்டுட்டேன். எவன் வீட்டுச் சோறும் கெட்டுப் போகல."

எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. அவருடைய கணவரைப் பற்றி நான் விசாரித்ததே கிடையாது. விசாரிப்பது அநாகரிகம் என்று இருந்துவிட்டேன். பச்சைப் பட்டையும் நிமிர்ந்த நடையையும் பார்த்து நானே ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்.

"தட்டு வெச்சிருக்கவங்களுக்குக் கை வலிக்குது. எங்க இருக்கு ரூம்?" என்றார்.

என் அறையைக் காலி செய்வதற்கு நேரமே ஆகவில்லை. பிரம்பு நாற்காலியை மகளே ஒரு கையால் தூக்கிச் சமையலறையில் வைத்தாள். மேசையைத் தம்பியும் அவன் மனைவியும் சுவரோடு சாய்த்தார்கள். கோரைப்பாயை விரித்து, அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து வந்த பாய்களையும் அதோடு சேர்த்தோம். செங்குத்தாக நின்ற சோபாவை ஒவ்வொருவராக ஒதுங்கிக் கடந்து தட்டுகள் முன்வாசல் வழியாகவே உள்ளே வந்து, ஒற்றைப்படையாகப் பாயில் இறங்கின. தேங்காய்த் தட்டைச் சுமந்த பெண் மணிக்கட்டைப் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

அத்தை அறையைச் சுற்றிப் பார்த்தார். புத்தகத் தட்டு, ஜன்னல், பின்சந்தின் சுவர். பிறகு என் கணவரின் படத்துக்கு முன்னால் நின்றார்.

"பொண்ணோட அப்பாவா?"

"ஆமா."

"இவரு இங்க இருக்காரு. அப்ப நாம இவ்வளவு நேரம் அங்க யாருக்காக நின்னுக்கிட்டிருந்தோம்?"

அத்தை படத்துக்கு நேராகத் தம் வீட்டாரை வரிசையாக உட்கார வைத்து நடுவில் தாமே சம்மணமிட்டு அமர்ந்தார். எதிரே தம்பியும் அவன் மனைவியும். மற்றவர்கள் நெருக்கி உட்கார்ந்தார்கள். நான் பின்னால் நிற்பதற்கு இடம் தேடினேன். ஒரு பக்கம் புத்தகத் தட்டு, ஒரு பக்கம் சாய்த்த மேசை, வாசலில் ஆட்கள். கூடத்தில் எனக்கென்று நான் குறித்திருந்ததைப்போல ஓர் இடம் அந்த அறையில் இல்லை. நான் எப்போதும் உட்கார்ந்தே இருந்த அறை அது. நிற்பதற்கென்று அதில் ஓரிடத்தையும் விட்டுவைக்கவில்லை.

"உக்காருங்க டீச்சர்" என்றார் அத்தை. "நீங்க நின்னா தட்டுக்கு மேலதான் நிக்கிறீங்க."

தம்பி மனைவி நகர்ந்து இடம்விட்டாள். நான் அவளுக்கும் தம்பிக்கும் அடுத்து, பாயின் விளிம்பில் உட்கார்ந்தேன். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அதைக் காட்டிக்கொள்ளவில்லை. மகளை அழைத்து வந்தார்கள். மையைச் சரிசெய்திருந்தாள். ஐயர் சொல்லச் சொல்ல, குறித்த நேரத்தின் கடைசிப் பகுதியில், தட்டுகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறின. வெளியே மழை பிடித்துக்கொண்டது.

வெற்றிலைத் தட்டைத் தம்பி கையில் கொடுத்து முடித்ததும் அத்தை என் பக்கம் சாய்ந்தார்.

"சம்பந்தி," என்றார். அன்று காலையிலிருந்து அவர் வாயிலிருந்து நான் எதிர்பார்த்திருந்த சொல் அது. "ஹால்ல ஒன்னு நிக்குதே. அது யாரு வீட்டுச் சாமான்?"

"தெரியல" என்றேன். "அதுக்கு இன்னும் பரிசம் போடல."

சித்தப்பா முதலில் சிரித்தார். பிறகு அறை முழுவதும் சிரித்தது. என் மகள், மணப்பெண் தலைகுனிந்திருக்க வேண்டிய நேரத்தில், நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் வேடிக்கையாகப் பேசி அவள் கேட்டதில்லை போலும்.

விருந்தின்போது அத்தை சமையலறையிலிருந்த பிரம்பு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். புறப்படும் வரை எழுந்திருக்கவில்லை. "இது எங்க வாங்குனீங்க?" என்று கேட்டார். விற்பனைக்கு இல்லை என்றேன். "நான் வெல கேக்கலியே சம்பந்தி" என்றார்.

அடுத்த வாரம் கிரில்காரர் வந்து நிலைப்பாதியை அறுத்தெடுத்தார். நீள இருக்கை உடைந்த செதுக்குவேலையோடு கடைக்கே திரும்பிப் போயிற்று. கண்ணாடியையும் பளிங்கு மேசையையும் தம்பி எடுத்துக்கொண்டான். அந்த ஆணியில் என் கணவரின் படம் மீண்டும் மாட்டப்பட்டது. கல்லூரி மேசையும் புத்தகத் தட்டுகளில் ஒன்றும் பிரம்பு நாற்காலியும் கூடத்துக்கு வந்தன. அதன் ஜோடிக்கு இன்னொரு பிரம்பு நாற்காலி வாங்கப் போனபோது, கடையில் எந்த ஸ்டைல் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால், ஒரு கையால் தூக்கக் கூடியது என்று சொல்லியிருப்பேன்.

வெல்வெட் ஒற்றை இருக்கைகளில் ஒன்றை மட்டும் வாசலுக்கு அருகே வைத்திருக்கிறேன். முறையாக வந்து முறையாகப் போகிறவர்களுக்கு அது வேண்டியிருக்கிறது. சம்பந்தியம்மாள் மாதம் ஒருமுறையாவது வருகிறார். அதைக் கடந்து போகும்போது அதன் தலையை ஒருமுறை தட்டிவிட்டுப் போகிறார். இதுவரை அதில் உட்கார்ந்ததில்லை.